காதுக்கேற்ற ஓர் அறை

"சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல." காது மந்தமானவர் இப்படிச் சொன்னால் வீட்டில் சட்டென்று நம்புவதில்லை. ஆனால் அவர் சொல்வது அப்பட்டமான உடலியல் உண்மை.

உட்காதில் காக்ளியா என்னும் சுருள் குழாய் இருக்கிறது. பிறக்கும்போது அதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள். அழிந்தால் கோழிக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. வயதும் இரைச்சலும் முதலில் காவு வாங்குவது, குழாயின் வாயிலருகே உயர் அதிர்வெண் ஒலிகளை வாங்கும் செல்களை. பேச்சில் உரத்து ஒலிக்கும் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வருவதால் தப்பிக்கின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெல்லிய மெய்யொலிகள் பல உதிர்ந்துபோகின்றன. பாசம், பாதம், பாடம் மூன்றும் ஒன்றுபோலக் காதில் விழலாம். பொறுமையிழந்து நாம் கத்தும்போதும் பெருகுவது பெரும்பாலும் உயிரொலிதான். உதட்டைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், பணமும் மணமும் உதட்டில் ஒன்றே.

விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்புகிறது. அது கடும் உழைப்பு. மாலைக்குள் அயர்ந்துபோகிறவர்கள் புரிந்ததுபோலத் தலையாட்டப் பழகுகிறார்கள். பிறகு நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஹோவர்ட் 'ராக்கி' ஸ்டோன் இதை வாழ்ந்து அறிந்தவர். இளம் வயதில், ராணுவத்தில் இருந்தபோது ஒரு வெடிப்பில் செவித்திறனின் பெரும்பகுதியை இழந்தவர். அந்தக் காதுகளோடுதான் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவில் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின் 1979இல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில், காது மந்தமானவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ஹியரிங் லாஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா. ஊர்தோறும் உள்ள கிளைகளை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களில் மிகப் பலர் தாங்களே காது மந்தமானவர்கள்.

என்னை வியக்கவைப்பது அவர்கள் கூடும் அறை. பேச்சைச் சுருக்கெழுத்தாளர் உடனுக்குடன் தட்டச்சு செய்ய, அது திரையில் ஓடும். பல இடங்களில் அறையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் போடப்பட்டிருக்கும். மைக்கில் பேசுவது மின்னோட்டமாகி அந்தக் கம்பியில் பாய, அறை முழுக்கக் காந்தப்புலம் அலைகிறது. காது மெஷினுக்குள் உள்ள டெலிகாயில் என்ற சிறு சுருள் அதை மறுபடி மின்சாரமாக்கிக்கொள்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது! வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். எதிரொலியும் நாற்காலி இழுபடும் சத்தமும் கலக்கும். கம்பி வழியே வரும் குரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேசுபவர் காதருகே வந்து பேசுவதுபோல் கேட்கும்.

மருத்துவர் எழுதித் தராத சில்லறை அறிவும் அங்கே கைமாறுகிறது. வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும்படி உட்கார். வெறுமனே "என்ன?" என்று கேட்காதே, பிடிபட்டதைத் திருப்பிச் சொல்லி, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று விட்டுப்போனதை மட்டும் கேள். அப்படியும் புரியவில்லையா, வேறு சொற்களில் சொல்லச் சொல்.

தம் மெஷினில் டெலிகாயில் இருப்பதே தெரியாமல் பயன்படுத்துபவர்களும் உண்டு. அதை எப்படி இயக்குவது என்று பக்கத்து நாற்காலிக்காரர் காட்டுகிறார். பொது அரங்குகளில் கேட்புக் கருவிகள் வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம்; அடுத்த முறை நாடகம் பார்க்கப் போனால் டிக்கெட் கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறார்.