லீவு போட்டுவிட்டு மணல் கடலுக்குள் கார் ஓட்டியவர்கள்

ஆபீசில் மூன்று வாரம் லீவு கிடைத்தால் என்ன செய்வார்கள்? சொந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருக்கும். 1920-களில் எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் வேலை பார்த்த சில பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோ, லீவு கிடைத்ததும் கைக்காசைப் போட்டு வாங்கிய போர்டு கார்களில் ரொட்டியையும் டின் மீனையும் பெட்ரோலையும் ஏற்றிக்கொண்டு, மனிதன் போகாத பாலைவனத்தை நோக்கிக் கிளம்பினார்கள்!

யாரும் அவர்களை அனுப்பவில்லை. படியும் கிடையாது, பயணச் சலுகையும் கிடையாது. ஆன செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள்.

இந்தக் கோஷ்டிக்குத் தலைவர் ரால்ப் பாக்னால்ட். 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டுப் பதுங்கு குழிகளில் இருந்துவிட்டு, 1926-ல் கெய்ரோவுக்கு மாற்றலாகி வந்தார். வந்த இடத்தில் மற்ற அதிகாரிகள் கிளப்பிலும் போலோ மைதானத்திலும் பொழுதைப் போக்க, இவர் பழைய மாடல் டி போர்டு காரின் அடியில் படுத்துக் கிடந்தார். முதலில் சினாய், பிறகு சிவா பாலைச்சோலை என்று பக்கத்துப் பயணங்கள். அப்புறம்தான் மேற்கே கண் போனது.

மேற்கே இருப்பது மகா மணல் கடல். எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் சுமார் 72,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஊர் இல்லை, மரம் இல்லை, கிணறு இல்லை. வடக்கு தெற்காக மணல் மேடுகள் வரிசை வரிசையாக, நூறு மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கின்றன. 1874-ல் ஜெர்மானியரான கெர்ஹார்ட் ரோல்ப்ஸ் ஒட்டகங்களுடன் கிழக்கிலிருந்து இதைக் கடக்க முயன்றார். வரிசைக்குப் பின் வரிசையாக மேடு வந்ததே தவிர முடிவு வரவில்லை. அதிசயமாக ஒரு மழை பெய்து தண்ணீர் கிடைத்ததால் பிழைத்தார். மேடுகளைக் கடப்பதைக் கைவிட்டு, அவற்றின் ஓரமாகவே வடக்கே நடந்து சிவா போய்ச் சேர்ந்தார். ஒட்டகம் தோற்ற இடத்தில் கார் போகுமா?

பணக்காரர் வழி வேறு

பாலையில் மோட்டார் விடுவது அப்போது புதிதல்ல. 1922 டிசம்பரில் பிரான்சின் சித்ரோயன் கம்பெனி, பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை பூட்டிய ஐந்து வண்டிகளில் பத்துப் பேரை அனுப்பி சகாராவைக் கடந்து காட்டியது. கூட ஒரு நாய்க்குட்டியும் போனது. 1923 ஜனவரியில் டிம்பக்டு போய்ச் சேர்ந்தார்கள். எகிப்து இளவரசர் கமால் அல் தினும் அதே மாதிரி வண்டிகளை வாங்கி, 1926-ல் கில்ப் கெபீர் என்ற பெரும் பீடபூமியைக் கண்டு பெயரிட்டார். ஆனால் அந்த வண்டிகளின் விலையும் செலவும் இளவரசர்களுக்கும் கம்பெனிகளுக்கும்தான் கட்டுப்படியாகும்.

சம்பளக்காரர்களான பாக்னால்ட் கோஷ்டிக்கு மலிவான போர்டு கார்தான் கதி. அதுவே நல்லதாகப் போயிற்று. வண்டியின் பலத்தை நம்ப முடியாததால் மூளையை நம்ப வேண்டி வந்தது. பாரம் குறைய வேண்டும் என்று காரில் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிப் போட்டார்கள்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த வித்தை

மணலில் கார் புதைந்தால் என்ன செய்வது? ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு இறங்கும். மெரினாவிலோ சௌபாத்தியிலோ மணலில் மாட்டிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாக்னால்ட் கண்ணில் பட்டவை, போர்க்காலப் பதுங்கு குழிகளுக்குக் கூரை போடத் தயாரித்த நீண்ட எஃகுத் தகடுகள். குழிவாக, கால்வாய் போன்ற அமைப்பு. பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தோண்டி, இந்தத் தகட்டைச் செருகி, எல்லோரும் சேர்ந்து தள்ளினால் கார் தகட்டின் மேல் ஏறித் தானே வெளியே ஓடிவிடும். பிறகு தகட்டைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டும். கார் கெட்டித் தரை வரும்வரை நிற்காது. கொதிக்கும் வெயிலில், சுடும் இரும்பைத் தோளில் சுமந்து, கால் புதைய ஓடுவது சாமானியமல்ல. ஒரே நாளில் பல தடவை ஓடியிருக்கிறார்கள்.

இன்னொரு வித்தைக்குக் காசே வேண்டாம். டயரில் காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, மணலில் அகலமாகப் படியும், புதைவது குறையும். கல் தரை வந்ததும் மறுபடி பம்பு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாலையில் வண்டி ஓட்டுகிற யாரும் இன்றைக்கும் முதலில் செய்வது இதைத்தான்.

ரேடியேட்டர் விஷயம் இன்னும் ருசிகரமானது. எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். குடிக்கவே அளந்து வைத்திருக்கும் இடத்தில் காருக்கு எங்கே போவது? ஆவி வெளியேறும் குழாயை நீட்டி, காரின் பக்கத்தில் கட்டிய ஒரு டின்னுக்குள் விட்டார்கள். டின்னில் பாதி தண்ணீர். வருகிற ஆவி அதில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். டின்னும் கொதிக்கத் தொடங்கினால் காரைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்த வேண்டியது. சற்று நேரத்தில் ரேடியேட்டர் குளிர்ந்து, 'கடகட'வென்று டின்னிலிருந்த தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீண் இல்லை! முதல் உலகப் போரில் அதே பாலையில் ரோந்து சுற்றிய கார் படையினரும் இப்படிப்பட்ட ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். அதை விடாமல் பிடித்துச் சீராக்கியது இந்தக் கோஷ்டி.

பெட்ரோல்தான் தலைவலி. நம் ஊர் மண்ணெண்ணெய் டின் மாதிரி நாலு காலன் தகர டின்களில் ஏற்றிப் போனார்கள். குலுக்கலில் டின் ஓட்டையாகி ஒழுகும். ஒழுகிய ஒவ்வொரு காலனும் திரும்பி வரும் வழியில் சில மைல்களைக் குறைக்கும். ஆகவே தினமும் மாலையில் டின்னைக் கணக்குப் பார்ப்பது வழக்கமாயிற்று.

நிழலைப் பிடித்துக்கொண்டு

திசை தெரியாமல் போவதுதான் பாலையில் உண்மையான சாவு. காந்த ஊசியைக் காருக்குள் வைத்தால் காரின் இரும்பே அதை இழுத்துத் தப்புச் சொல்ல வைக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, தூரம் போய் நின்று பார்ப்பதென்றால் பயணம் நடக்காது. இதற்கு 'சூரிய திசைகாட்டி' என்ற கருவி. அதுவும் போர்க்கால ரோந்துக்காரர்களிடம் இருந்ததுதான்; பாக்னால்ட் அதைத் திருத்திச் செம்மையாக்கினார். டிகிரி குறித்த வட்டத் தகடு, நடுவில் நிமிர்ந்த ஒரு மெல்லிய ஊசி. நேரத்துக்குத் தக்கபடி தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால், ஊசியின் நிழல் குறித்த டிகிரியில் விழும்படி காரை ஓட்டினால் போதும். எத்தனை மைல் ஓடியது என்பதைக் காரின் மீட்டர் சொல்லும். ராத்திரி நட்சத்திரங்களை அளந்து, ரேடியோவில் வரும் நேர ஒலியோடு ஒப்பிட்டு, இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் படுக்கை.

இது வெறும் கணக்குப் புத்தக வேலை என்று நினைக்கக்கூடாது. 1942 மே மாதம் தென்னாப்பிரிக்க விமானப் படையின் மூன்று விமானங்கள் லிபியாவின் குப்ரா சோலையிலிருந்து கிளம்பித் திசை தவறிப் பாலையில் இறங்கின. பன்னிரண்டு பேரும் காயமில்லாமல் இறங்கினார்கள். தேடி வந்தவர்கள் கண்டுபிடித்தபோது ஒருவர்தான் உயிரோடு இருந்தார். பதினோரு பேரைக் கொன்றது தாகம்.

மணல் சுவரை நோக்கி

1928-ல் பாக்னால்டுக்கு இந்தியாவுக்கு மாற்றல். வடமேற்கு எல்லையில் வேலை. அங்கிருந்தும் லீவைச் சேர்த்து வைத்து 1929, 1930 ஆண்டுகளில் எகிப்துக்கு வந்து நண்பர்களோடு சேர்ந்துகொண்டார்! மாடல் டி போய், மாடல் ஏ போர்டு வந்திருந்தது. மணல் கடலின் கிழக்கு விளிம்பில் உள்ள ஐன் தல்லா என்ற ஊற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேற்கே நுழைந்தார்கள்.

எதிரே மஞ்சள் சுவர் போல முதல் மணல் மேடு. மெதுவாக ஏறினால் புதையும் என்பது தெரிந்துவிட்டது. மணிக்கு 40 மைல் வேகத்தில் நேராகச் சுவரை நோக்கி விட்டார்கள். மோதப் போகிறது என்று நினைத்த நேரத்தில் கார் மூக்கை நிமிர்த்திக்கொண்டு வழுக்கி மேலே ஏறியது. காற்று அடித்து அடித்து இறுக்கிய பக்கம் வேகமாக வரும் சக்கரத்தைத் தாங்கும் என்ற ரகசியம் அன்று பிடிபட்டது.

ஆனால் மேட்டின் மறுபுறம் கத்தி முனை. அங்கே மணல் செங்குத்தாகச் சரிந்து கிடக்கும். ஏறிய வேகத்தில் போனால் வண்டி அந்தரத்தில் பாய்ந்துவிடும். உச்சி வெயிலில் நிழலே இல்லாததால் முனை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. பின்னாளில் போர்க்காலத்தில் இப்படிப் பாய்ந்த வண்டியில் முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. அதனால் உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. ஒரு கார் புதைந்தால் மற்றக் கார்க்காரர்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு கார் செத்தால் அதன் ஆட்களை மற்றவை ஏற்றிக்கொள்ள வேண்டும். தனி வண்டியாகப் போக யாருக்கும் அனுமதி இல்லை.

1930 பயணத்தின்போது நைல் கரையில் வாதி ஹல்பா ஊர் மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்து இவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு 'ஜெர்ஜூரா கிளப்' என்று பெயர். ஜெர்ஜூரா என்பது அராபியக் கதைகளில் வரும் தொலைந்துபோன சோலை. சோலை அகப்பட்டுவிட்டால் சங்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பது அவர்களுக்கே தெரியும்.

வேடிக்கை இல்லாத பக்கம்

இவர்கள் 'மனிதன் காணாத நிலம்' என்று எழுதிய இடங்களில் பலவற்றை அந்தப் பாலைக் குடிகள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். விளையாட்டாகப் போனவர்களுக்கு லீவு முடிந்தால் திரும்ப இடம் இருந்தது. அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அது இல்லை.

1931 ஜனவரியில் இத்தாலியப் படை குப்ராவைப் பிடித்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் ஒட்டகத்தோடும் குழந்தைகளோடும் எகிப்தை நோக்கி ஓடினார்கள். கிணறு இல்லாத நூற்றுக்கணக்கான மைல். எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். அப்போது எகிப்து சர்வே இலாகாவுக்காகக் காரில் வரைபடம் எடுத்துக்கொண்டிருந்த பாட் கிளேட்டன் என்பவர், அந்த அகதிகளைக் கண்டதும் சர்வே வேலையை நிறுத்திவிட்டு, அவர்களைத் தேடித் தேடிக் காரில் ஏற்றிக் காப்பாற்றினார். பாலையில் கார் ஓடும் என்று கண்டுபிடித்ததால் நடந்த நல்ல காரியங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அடுத்து வந்தது போர். 1939-ல் ராணுவத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்ட பாக்னால்ட் போன கப்பல் மத்தியதரைக் கடலில் இன்னொரு கப்பலோடு மோதியது. பழுது பார்க்க எகிப்தில் இறங்க வேண்டி வந்தது. தளபதி வேவல் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார். 1940 ஜூனில் பாக்னால்ட் தந்த யோசனைக்கு உடனே சம்மதம் கிடைத்தது; ஆறு வாரத்தில் நெடுந்தூரப் பாலைவனப் படை தயார். பழைய லீவு நண்பர்களைத் தேடிப் பிடித்தார். நியூசிலாந்து விவசாயிகள் தொண்டர்களாக வந்து லாரி ஓட்டினார்கள். பின்னர் இந்தியப் பிரிவு ஒன்றும் சேர்ந்தது. ஜாட், ராஜபுத்திர, சீக்கிய, முஸ்லிம் வீரர்கள் அதில் இருந்தார்கள். மணல் கடலே தங்களுக்கு அரண் என்று நிம்மதியாக இருந்த இத்தாலியர்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அதே எஃகுத் தகடு, அதே சூரிய திசைகாட்டி, அதே ஐன் தல்லா ஊற்று.

எதிர்ப்பக்கத்திலும் வித்தை தெரிந்த ஒருவர் இருந்தார். ஹங்கேரிக்காரரான லாஸ்லோ அல்மாஷி, இதே பாலையைச் சுற்றியவர், ஜெர்ஜூராவைத் தேடியவர். 1942 மே மாதம் ஜெர்மானியருக்காக இரண்டு ஒற்றர்களை, பிடிபட்ட பிரிட்டிஷ் வண்டிகளில் ஏற்றி, பாலையைச் சுற்றிக் கடந்து நைல் நதிக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். ஒற்றர்கள் இருவரும் ஜூலையில் கெய்ரோவில் அகப்பட்டார்கள். இலங்கையில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1992-ல் எழுதிய நாவலிலும், அதை வைத்து 1996-ல் வந்த ஆங்கிலப் படத்திலும் வருகிற அல்மாஷி கற்பனை கலந்தவர்.

மணல் ஏன் ஓடுகிறது?

பாக்னால்டுக்குக் காரைவிட மணல்தான் பெரிய பைத்தியம். மேடு ஏன் ஒரே வடிவில் எழும்புகிறது? காற்று ஏன் அதைக் கலைத்துவிடவில்லை? 1935-ல் ராணுவத்தை விட்டபின் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுக் குழாய் ஒன்றைக் கட்டி, அதற்குள் மணலைப் போட்டு ஊதிப் பார்த்தார். மணல் துகள் தூசி மாதிரி மிதப்பதில்லை; துள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் மற்றத் துகள்களைத் துள்ள வைக்கிறது. மணல் காற்றில் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கீழேயே மணல் ஓடுவது அதனால்தான். இதையெல்லாம் 1941-ல் புத்தகமாக வெளியிட்டார். 1944-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1977-ல், செவ்வாய்க் கிரகத்து மணலைப் பற்றிப் பேச, 81 வயதான அவரை நாசா விஞ்ஞானிகள் அழைத்தார்கள். 1990-ல் காலமானார்.

2015 இறுதியில் கியூரியாசிட்டி என்ற ஆறு சக்கர வண்டி செவ்வாயில் ஒரு மணல் மேட்டுக் கூட்டத்தை அடைந்தது. அந்த மேடுகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயர் பாக்னால்ட் மேடுகள். அதற்கு முன் 2009-ல் ஸ்பிரிட் என்ற இன்னொரு வண்டி அதே கிரகத்தில் வேறோரிடத்தில் மெத்து மணலில் புதைந்துபோயிருந்தது. பூமியிலிருந்து மாதக்கணக்கில் சக்கரத்தை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தார்கள். அசையவில்லை. 2010 மார்ச்சில் அதனிடமிருந்து வந்த சமிக்ஞையும் நின்றது. இறங்கி மணலைத் தோண்டி, தகடு போட்டுத் தள்ள அங்கே ஆள் இல்லை.