பெட்ரோல் டேங்கில் கசிவு: வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூருக்கு அருகில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை அமைந்துள்ளது. இப்பகுதிச் சிற்றூர்களிலிருந்து ரோஜா, தக்காளி, கோஸ், பால் ஆகியவை நாள்தோறும் விடியற்காலையில் ஓசூருக்குச் செல்கின்றன. சிறு விவசாயிகள் பலருக்கு இதற்கு உதவுவது மொபெட் அல்லது மோட்டார் சைக்கிள்தான். இருவர் செல்லத்தக்க டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் இந்த ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. இன்று இவ்வண்டிகள் பொதி சுமக்கும் மாட்டின் இடத்தைப் பிடித்துவிட்டன. மாட்டுக்கு நோய் கண்டால் உடனே கவனிக்கும் விவசாயிகள், வண்டியின் டேங்கில் பெட்ரோல் கசிந்தால் மட்டும் "சொட்டுதானே" என்று விட்டுவிடுகின்றனர். அது பெருந்தவறாகும்.

சொட்டில் போகும் பணமும் உயிரும்

ஒரு சொட்டு 0.03 மில்லி என்று கொள்வோம். நிமிடத்துக்கு 10 சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லியும், ஒரு நாளில் 430 மில்லிக்கு மேலும் வீணாகிறது. அதாவது இரண்டு நாட்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் போய்விடும்.

பண இழப்பைவிடத் தீ விபத்தே பெரிய ஆபத்து. பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும் தன்மை உடையது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே மேலே எழும்பிக் கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தங்கும். திண்ணையில் நிற்கும் வண்டியிலிருந்து ஆவி சமையலறை அடுப்பு வரை சென்று தீப்பற்றக்கூடும். வைக்கோற்போர், மாட்டுத் தொழுவம், மோட்டார் அறை ஆகியவற்றின் அருகில் கசியும் வண்டியை ஒருபோதும் நிறுத்தலாகாது. பால் அயல் வாசனையை எளிதில் ஏற்கும். பூவிலோ காயிலோ பெட்ரோல் பட்டால் அது விலைபோகாது.

டேங்கு ஏன் ஓட்டையாகிறது?

பெரும்பாலான டேங்குகள் மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனவை. இவை உள்ளிருந்து துருப்பிடித்தே ஓட்டையாகின்றன. ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளதால் இரவில் குளிர் அதிகம். அரை டேங்கு பெட்ரோலுடன் வண்டி நிற்கும்போது, மேலே உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானது ஆகையால் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. நம் நாட்டில் 2022-இல் 10 சதவீதமாக இருந்த கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணம் உடையது. நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் படியும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலால் விரைவில் கெடக்கூடும். இவற்றுடன் உர மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு, சேறு, பொதியின் அதிர்வு ஆகியவை டேங்கை வெளியிலிருந்தும் அரிக்கின்றன.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

டேங்கு ஈரமாக இருந்தால் டேங்குதான் ஓட்டை என்று முடிவு செய்யக்கூடாது. மூடியின் வாஷர், பெட்ரோல் காக், ரப்பர்க் குழாய், கார்புரேட்டர் ஆகியவற்றிலிருந்தே பல கசிவுகள் ஏற்படுகின்றன. இஞ்சின் நன்கு ஆறிய பின், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, டேங்கை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு சந்தேகமான இடங்களில் சாக்பீஸ் தூளைத் தடவிச் சிறிது நேரம் பார்க்க வேண்டும். முதலில் நனையும் இடமே கசிவின் மூலம். பெட்ரோல் வழிந்து வேறிடத்தில் சொட்டும் ஆகையால், சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

காக்கை மூடியதும் கசிவு நின்றால், பழுது காக்குக்குக் கீழே உள்ளது. குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோலுக்கென்றே விற்கப்படும் புதுக் குழாயைக் கிளிப்புடன் மாட்டலாம். தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தலாகாது. காக் டேங்குடன் சேரும் இடத்தில் கசிந்தால் வாஷரை மாற்றினால் போதும். இவை குறைந்த செலவில் முடியும் வேலைகள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக அழுத்தத்துடன் பெட்ரோல் செலுத்தும் பம்பு உடையவை. இவற்றின் குழாயை வீட்டில் கழற்றக்கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

செய்யவே கூடாதவை

டேங்கை வீட்டிலோ, பண்ணைக் கருவிகளைப் பற்றவைக்கும் பட்டறையிலோ அப்படியே வெல்டிங் செய்யக்கூடாது. பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே அதிக ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் அது வெடிக்கும். 4 லிட்டர் டேங்கில் இந்நிலை ஏற்பட அரை மில்லி பெட்ரோலே போதுமானது. மடிப்புகளிலும் துருவிலும் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும்.

குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் பழக்கத்தை அறவே விட வேண்டும். சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் உயிருக்கு ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டில் அடைக்கும் முறை

ஊசிமுனை அளவு ஓட்டையை, உலோகத்துக்கான இரட்டைக்கூறு எப்பாக்சி பசை கொண்டு அடைக்கலாம். எம்-சீல் போன்ற பெயர்களில் இது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். பெட்ரோலைத் தாங்கும் என்று உறையில் குறிப்பிட்டுள்ள வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

1. அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில், பகலில் வேலை செய்க. ஒரு வாளி உலர்ந்த மணலை அருகில் வைத்துக்கொள்க. பெட்ரோல் தீயில் நீரை ஊற்றினால் பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

2. பாட்டரி உள்ள வண்டியில் அதன் இணைப்பைக் கழற்றுக.

3. காக்கின் வழியாகப் பெட்ரோலை இறுக்கமான மூடியுள்ள தகரக் கேனில் வடித்து, தொலைவில் நிழலில் வைக்க. குடிநீர்ப் பாட்டில் கூடாது. சாக்கடையிலோ கிணற்றருகிலோ ஊற்றக்கூடாது.

4. ஓட்டையைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்கு, நீரில் நனைத்த எமரித் தாளால் கையால் தேய்த்துப் பெயிண்டையும் துருவையும் நீக்குக. பொறி பறக்கும் என்பதால் கிரைண்டர் கூடாது.

5. இடத்தைச் சோப்பு நீரால் துடைத்து முற்றிலும் உலர விடுக. பெட்ரோல் ஈரம் இருந்தால் பசை ஒட்டாது. பலர் தோல்வியுறுவது இந்த இடத்தில்தான்.

6. பசையின் இரு பகுதிகளையும் உறையில் கண்ட அளவில் எடுத்து, ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, ஓட்டையில் அழுத்தி, விளிம்பை மெலிதாகத் தேய்த்துவிடுக. கையுறை அணிதல் நலம்.

7. 24 மணி நேரம் இறுக விட்டு, அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க.

வழியில் திடீரென்று கசிந்தால் சலவைச் சோப்பைக் கசியும் இடத்தில் அழுத்தித் தேய்க்கலாம். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது ஆகையால் சிறிது நேரம் தாங்கும். எனினும் இது வீடு சேர உதவும் கைவைத்தியமே. பிளாஸ்டிக் டேங்கில் பசை சரியாக ஒட்டாது. அதை மாற்றுவதே நல்லது.

நிலையான தீர்வு

பசை அடைப்பும் தற்காலிகமே. உள்ளே துரு தொடர்ந்தால் அடுத்த ஓட்டை அருகிலேயே வரும். கசிவு மடிப்பு ஓரத்தில் இருந்தாலோ, தகடு விரலால் அழுத்த நெளிந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருந்தாலோ டேங்கை மாற்றிவிட வேண்டும். டேங்கு வேலையில் அனுபவமுள்ள பட்டறையினர் டேங்கைப் பலமுறை கழுவி, நீர் நிரப்பி ஆவியை வெளியேற்றிய பின்னரே பித்தளைப் பற்று வைப்பர். அவ்வாறு செய்யாத பட்டறையில் கொடுக்கலாகாது.

தகடு உறுதியாக இருந்து உள்ளே இலேசான துரு மட்டும் இருந்தால், டேங்கைத் தனியே கழற்றி, நன்கு கழுவி, வினிகரை நிரப்பி ஒரு நாள் ஊறவிடலாம். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் முழுமையாக உலர்த்தி, உடனே சிறிது எண்ணெய் கலந்த பெட்ரோலால் உட்புறத்தை நனைக்க வேண்டும். ஈரத்துடன் விட்டால் சில மணி நேரத்தில் மீண்டும் துரு படரும். துருவே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை இதனால் திறந்துகொள்ளலாம். ஆகையால் மாட்டுமுன் கசிவைச் சோதிக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

வண்டியைப் பல நாட்கள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைக்க வேண்டும். காற்றுக்கு இடம் குறைந்தால் நீர் சேர்வதும் குறையும். மழையில் மூடியைத் திறக்கலாகாது. மூடியின் வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். உர மூட்டை ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவித் துடைக்க வேண்டும். ரப்பர்க் குழாயை மாதம் ஒருமுறை வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். பெட்ரோலில் இயங்கும் விசைத்தெளிப்பான், களையெடுக்கும் கருவி ஆகியவற்றுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் அதன் அடியில் தரையை ஒருமுறை குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொண்டால், கசிவைச் சொட்டளவில் இருக்கும்போதே கண்டு நீக்கிவிடலாம்.