கரிம வேதியியல்: தோட்டத்து மாணவர் இணையத்தில் எதைத் தேட வேண்டும்?

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என எந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தாலும், மருத்துவமோ மருந்தியலோ உணவு அறிவியலோ படிக்க விரும்பும் பிள்ளை கரிம வேதியியலைக் கடந்துதான் போக வேண்டும். படிவம் ஐந்தில் கார்பன் சேர்மங்கள், பாலிமர் என்று இரண்டு பாடங்களாக அறிமுகமாகும் இப்பிரிவு, ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தேர்வில் மூன்றாம் தவணை வேதியியல் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. கோல பிலாவில் உள்ள மெட்ரிகுலேசன் கல்லூரிக்குப் போனாலும் அங்கேயும் இதுதான் காத்திருக்கிறது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளை ஆளாக்கிய பல வீடுகளில், பாடத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. எனவே மாணவர் கைப்பேசியை எடுக்கிறார். தேடிய மறுநொடியே ஆயிரக்கணக்கான காணொளிகளும் குறிப்புகளும் வந்து குவிகின்றன. முன்பு புத்தகம் கிடைக்காமல் படிப்பு தடைப்பட்டது. இன்று எதைப் படிப்பது என்று தெரியாமல் தடைப்படுகிறது. மாணவரை எழுதவும் வரையவும் வைக்கும் இரண்டு மூன்று மூலங்களைத் தேர்ந்து அவற்றை முழுதாக முடிப்பவருக்கே இணையம் பயன்படும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கரிம வேதியியல் கடினமானது என்ற பெயரை அதற்கு வாங்கித் தந்தது மனப்பாடம். புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் பெரும்பாலும் 2-புரோமோபுரோப்பேன் கிடைக்கும். இதை ஒரு வரியாக நெட்டுருப் போட்ட மாணவர், தேர்வில் புரோப்பீனுக்குப் பதில் 2-மெத்தில்புரோப்பீன் வந்தால் திகைத்துப் போவார். நடப்பது என்னவென்று வரைந்து பழகியவருக்கு இரண்டும் ஒன்றே. இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்கின்றன. அருகிலுள்ள ஒரு கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது. எந்தக் கார்பனைச் சுற்றி அதிகக் கார்பன் தொகுதிகள் தாங்கி நிற்கின்றனவோ அதில்தான் அந்தச் சுமை நிலைக்கிறது. புரோமைடு அயனி அங்கே வந்து சேர்கிறது. இந்த நான்கு படிகளையும் வளைந்த அம்புக்குறிகளால் வரையத் தெரிந்தால், பார்த்திராத கேள்விக்கும் விடை எழுதலாம். அம்புக்குறி காட்டுவது எலக்ட்ரான் இணையின் நகர்வை. அதைப் பிறர் வரையப் பார்ப்பது வேறு, தானே வரைவது வேறு. பால் வெட்டும் கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால் வந்துவிடாது. கத்தியைக் கையில் பிடித்தவருக்கே வரும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக நம்பினார்கள்; ஆனால் வகுப்பில் தாமே கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியரின் காணொளியைப் பார்த்து முடித்ததும் ‘புரிந்துவிட்டது’ என்று எழும் நிறைவு நம்மை ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

எனவே ஒரு மூலத்தைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். என் பாடத்திட்டத்தின் ஆழத்துக்கு இது பொருந்துகிறதா? தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒழுங்கில் போகிறதா? விடையோடும் விளக்கத்தோடும் பயிற்சிகள் இருக்கின்றனவா? இந்த மூன்றிலும் தேறுபவை மிகச் சிலவே. எஸ்.டி.பி.எம். தேர்வு பிரிட்டனின் ஏ லெவல் மரபில் வந்தது என்பதால், ஓய்வுபெற்ற ஆங்கிலேய வேதியியல் ஆசிரியர் ஜிம் கிளார்க் எழுதிய ‘கெம்கைட்’ தளம் நம் மாணவருக்கு அளவாகப் பொருந்தும். எளிய ஆங்கிலம், ஒவ்வொரு வினைக்கும் படிப்படியான விளக்கம், கேள்விகள், விடைகள் எல்லாம் அதில் உண்டு. முழுமையான பாடநூல் வேண்டுவோர் ஜான் மெக்மரியின் ‘ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’ நூலை நாடலாம். 1984 முதல் உலகெங்கும் விலைக்கு விற்ற அந்த நூலின் பத்தாம் பதிப்பை, அரிய மரபுநோயால் 2019இல் இறந்த தம் மகனின் நினைவாக 2023இல் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தின் வழியே இலவசமாக்கினார் நூலாசிரியர். கணக்குகளின் விளக்க விடைகளும் அங்கேயே கிடைக்கின்றன. ஆனால் அது பல்கலைக்கழக நூல்; ஆறாம் படிவத்துக்குத் தேவையானதைவிட ஆழமாகப் போகும். கெம்கைட்டை முதலில் படித்து, விளங்காத இடத்துக்கு மட்டும் மெக்மரியைத் திறப்பதே முறை. கான் அகாடமியின் காணொளிகள் ஒரு கருத்தைக் கண்ணால் காண உதவும். அவற்றுக்குத் துணைப் பாடம் என்ற இடம் போதும்.

தமிழில் எதுவும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு நல்ல விடை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2018, 2019 ஆண்டுகளில் புதுப்பித்து வெளியிட்ட பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்கள் தமிழ்வழியிலும் உள்ளன. இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் இரண்டாம் தொகுதியைப் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்பன்கள், ஹாலோ ஆல்கேன்கள், ஹைட்ராக்ஸி சேர்மங்கள், கார்பனைல் சேர்மங்கள், கார்பாக்சிலிக் அமிலங்கள், நைட்ரஜன் சேர்மங்கள் என்ற வரிசை எஸ்.டி.பி.எம். மூன்றாம் தவணையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இலங்கைக் கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திலும் உயர்தர வகுப்புக்கான தமிழ்ப் பாடங்கள் உள்ளன. அங்கே ‘சேதன இரசாயனம்’ என்று தேட வேண்டும். தேர்வு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்போது தமிழில் படிப்பது குழப்பாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பிறகு ஆங்கில நூல்களுக்குப் போகும் மாணவருக்கு, கருத்தும் மொழியும் ஒரே நேரத்தில் புதிதாக வந்து மோதுவதுதான் உண்மையான சுமை. கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் மீதமிருப்பது சொற்கள் மட்டுமே. கட்டமைப்பு வாய்பாடுகளும் அம்புக்குறிகளும் எல்லா மொழியிலும் ஒன்றே. ஆகவே தமிழ் நூலைத் தொடக்கமாகக் கொண்டு, அதே வாரம் அதே தலைப்பை ஆங்கிலத்தில் படித்து, பதிலைத் தேர்வு மொழியில் எழுதிப் பழக வேண்டும். தமிழோடு நின்றுவிடுவது தேர்வில் தண்டனை ஆகிவிடும். தமிழைத் தொடாமலே போவது தேவையற்ற இழப்பு.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இந்தப் பாடத்தின் பல எடுத்துக்காட்டுகள் அவர் வாசலில் இருக்கின்றன. மங்கில் சேரும் பாலில் உள்ள ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதச் சவ்வு இருக்கிறது. அதன் எதிர்மின்சுமை துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைக்கிறது. மெத்தனோயிக் அமிலம் ஊற்றினால் அதன் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைச் சமன் செய்ய, துகள்கள் மோதி உறைகின்றன. அம்மோனியா ஊற்றினால் பால் உறையாமல் நிற்கிறது. தோட்டத்தில் பலருக்குப் பழகிப்போன அந்த அமிலம்தான் கார்பாக்சிலிக் அமில வரிசையின் முதல் உறுப்பு. ரப்பர் என்பது ஐசோபிரீன் அலகுகள் ‘சிஸ்’ அமைப்பில் கோத்த சங்கிலி. ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போன கட்டாபெர்ச்சா இதே தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பால். அதே அலகுகள் ‘டிரான்ஸ்’ அமைப்பில் இருப்பதால் அது இழுபடாமல் விறைப்பாக இருக்கும். இந்த வேறுபாட்டைத் தட்டையான படத்தில் உணர்வது கடினம். ‘மோல்வியூ’ தளத்தில் பெயரைத் தட்டி மூலக்கூறைத் திருப்பிப் பார்த்தால் நிமிடத்தில் விளங்கும். வெட்டிய செம்பனைக் குலையை ஏன் தாமதமின்றி ஆலைக்கு அனுப்புகிறார்கள்? நசுங்கிய பழத்தில் நொதிகள் எண்ணெயின் எஸ்டர் பிணைப்புகளை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிப்பதால் எண்ணெயின் தரம் கெடுகிறது. பாடநூலின் நீராற்பகுப்பு இதுவே. தான் அறிந்த பொருளோடு ஒரு வினை இணைந்துவிட்டால் அதை மறப்பது கடினம்.

இணையத் தொடர்பே சரியில்லாத தோட்டங்களில் இதெல்லாம் வெறும் பேச்சு என்பது அடுத்த மறுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் சபாவில் ஒரு மாணவி இணைய வழித் தேர்வு எழுத மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே அறியும். தொடர்புப் பிரச்சினையை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் இதுவே இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஒரு மணி நேரக் காணொளி சில நூறு மெகாபைட் டேட்டாவை விழுங்கிவிடும். எழுத்துப் பக்கங்கள் மிகச் சிறியவை. பாடநூலை ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு இணையமே வேண்டாம். சிரம்பான் நூலகத்திலோ அருகிலுள்ள ‘நாடி’ இணைய மையத்திலோ பள்ளியிலோ ஒரு நாள் உட்கார்ந்து தேவையானவற்றை இறக்கிக்கொண்டால் ஓராண்டுப் படிப்புக்கு அது போதும். கல்வி அமைச்சின் ‘டெலிமா’ தளத்தில் படிவம் ஐந்து பாடநூலையும் காணலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறதே, எதற்கு இத்தனை நூல்கள் என்பவர்களும் உண்டு. விளக்கம் கேட்க அது உதவும். ஆனால் கட்டமைப்புகளிலும் வினையின் படிகளிலும் அது தவறை நம்பிக்கையான குரலில் சொல்லிவிடும். பிழையைக் கண்டுபிடிக்க மாணவருக்கு முன்பே பாடம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் தானே எழுதி, பிறகு நூலின் விடையோடு ஒப்பிட்டு, வேறுபாடு விளங்காதபோது மட்டும் அதனிடம் கேட்பது நல்லது. ஆசிரியர் இல்லாமல் எதுவும் நடக்காது என்பார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மாணவரின் தாளைப் பார்த்து, இந்த அம்புக்குறி தவறான இடத்தில் தொடங்குகிறது என்று சுட்டிக்காட்ட ஒரு மனிதர் வேண்டும். அதனால்தான் 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற கல்வி இயக்கங்கள் நம் சமூகத்துக்கு இத்தனை பயன்பட்டன. நல்ல இணைய மூலம் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது: பாடத்தை மாணவர் வீட்டில் படித்து வந்தால், வகுப்பு முழுவதையும் பிழை திருத்தச் செலவிடலாம்.

இதில் பெற்றோரும் சமூகமும் செய்யக்கூடியது எளிது. வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை இன்று எத்தனை காணொளி பார்த்தது என்று கேட்பதை விட்டு, எத்தனை கணக்கு எழுதியது என்று கேட்டால் போதும். தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ வார இறுதியில் நான்கு மாணவர்கள் கூடி, பழைய தேர்வுத் தாள்களை நேரம் வைத்து எழுதி, ஒருவர் தாளை மற்றவர் திருத்தலாம். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த அண்ணனோ அக்காவோ மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், தமிழ்நாட்டுப் பாடநூலையும் பழைய வினாத்தாள்களையும் அச்சிட்டு ஒவ்வொரு ஆறாம் படிவ மாணவருக்கும் கொடுத்துவிடலாம். உலகின் சிறந்த வேதியியல் பாடங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இடையே இருந்த புத்தக இடைவெளி பெருமளவு குறைந்துவிட்டது. மீதியிருப்பது வழிகாட்டல் இடைவெளி. அதை நிரப்பப் பெரிய நிதி வேண்டாம். எதைப் படிப்பது என்று தெளிவாகச் சொல்லவும், எழுதியதைத் திருத்தவும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சிலர் முன்வந்தால் போதும்.