தெருமுனைக் கடைக்காரர் கைக்கு அடங்கிய வண்டி

அம்பத்தூர்க்காரர்களுக்கு ‘டி.ஐ. சைக்கிள்ஸ்’ என்றால் பஸ் ஸ்டாப். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கைகோத்து 1949-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் இன்றும் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்தக் கம்பெனி அம்பத்தூரில் தயாரித்த கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் பார்வைக்குச் சாதாரண வண்டிதான். ஏறக்குறைய 20 கிலோ எடை, 28 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. வடிவத்தில் புதுமை எதுவும் கிடையாது. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்த ரோவர் சைக்கிளின் வம்சம் அது. சீனாவெங்கும் ஓடிய ஃப்ளையிங் பிஜனும் அதே வம்சம். அப்படிப்பட்ட ஒன்று தலைமுறை தலைமுறையாக எப்படி நின்றது?

பிரேக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இப்போதைய சைக்கிள்கள் பலவற்றில் பிரேக் கட்டை ரிம்மை இரு பக்கமும் கவ்வும். சக்கரத்தில் கொஞ்சம் கோட்டம் விழுந்தாலும் உரசும். ஹெர்குலிஸில் கேபிளே இல்லை. கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பி கட்டையை இழுத்து ரிம்மின் உள்விளிம்பில் அழுத்தும். சக்கரம் லேசாக ஆடினாலும் வண்டி ஓடும். மழையில் அந்த பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குண்டும் குழியுமான சாலைக்கு அதுவே தோது. சங்கிலியை முழுக்க மூடிய செயின் கவரும் அப்படித்தான்: சேறு உள்ளே போகாது, வேட்டி மாட்டாது.

மீதிப் பாதி விடை பஞ்சர் கடையில் இருக்கிறது. ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ் என்று பெயர் எதுவானாலும் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பெரும்பாலான உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். வால்டியூப் போனால் சில்லறைக் காசு. கோட்டம் எடுக்க ஒரு சாவியும் பழகிய விரலும் போதும். எந்த ஊரிலும் எவரும் பிரித்துப் பூட்ட முடிகிற பொருளைத்தான் மக்கள் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல வடிவமைப்புக்கு அழகைவிட இதுவே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. கம்பெனி நினைத்திராத வேலைக்கெல்லாம் அந்த வண்டி இடம் கொடுத்தது. பால் கேன் ஹேண்டில்பாரில் தொங்கியது, கேஸ் சிலிண்டர் கேரியரில் போனது. சாணை பிடிப்பவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். பெல்ட் வழியாகச் சாணைக்கல் சுழலும், கத்தியிலிருந்து பொறி பறக்கும். சீட்டு எட்டாத சிறுவர்கள் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்தார்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்களின் வண்டியிலேயே ஏறினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்.