'கட்டி' என்று மட்டும் சொன்னால் போதுமா?



அடி அண்ணாமலையில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி, தவணை எழுதி முடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர், "அக்குள்ல நெறி கட்டியிருக்கு, நாலு மாசமா கரையவே இல்லை" என்றார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் பற்று போடச் சொன்னார். இன்னொருவர், "சூட்டுக்கட்டிதான், எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார். எல்லோரும் கிளம்பிய பிறகுதான் அவர் எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "மார்லயும் ஒண்ணு இருக்குக்கா. எல்லார் முன்னாடியும் அதை எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று நினைத்தோம். உடம்பில் சிறிதாக எது வீங்கினாலும் 'கட்டி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு.

கொப்புளம்: உள்ளே நீர் கோத்திருக்கும். வெயிலில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்களின் பாதத்தைப் பார்த்தால் தெரியும். அடுப்பில் சுட்டாலும் வரும். ஊசியால் குத்தக் கூடாது.

வேர்க்குரு, பரு: வேர்க்குரு வியர்வையால் வருவது, பொடிப்பொடியாக இருக்கும். பரு பெரும்பாலும் முகத்தில் வருவது. கிள்ளினால் தழும்பாகும்.

மரு, பாலுண்ணி: தோலின் மேல் சிறு முளை போல நிற்கும். பெரும்பாலும் வலி இருக்காது.

தடிப்பு: ஒவ்வாமையால் தோல் திட்டுத்திட்டாகத் தடித்து அரிக்கும். மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூட்டுக்கட்டி, வேனல் கட்டி: சிவந்து, சீழ் பிடித்து, வலிக்கும். 'சூடு' என்று பெயர் சொன்னாலும், சீழ் வைக்கக் காரணம் கிருமிதான். அடிக்கடி வந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

நெறி: காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறியதும் வற்றிவிடும். புண்ணே இல்லாமல் நெறி கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கழலை: கழுத்தின் முன்பக்கம் வீங்குவதை முன்கழுத்துக் கழலை என்பார்கள். அயோடின் குறைவும் ஒரு காரணம். அதனால்தான் அயோடின் கலந்த உப்பு வாங்கச் சொல்கிறோம்.

சரியான பெயர் தெரியவில்லையா? பரவாயில்லை. பெயர் வைப்பது மருத்துவர் வேலை. ஆனால் நான்கு விஷயங்களை நாம்தான் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது? எத்தனை நாளாக? வளர்கிறதா? வலி உண்டா? நம் சகோதரி முதல் கேள்விக்குப் பாதி பதில்தான் சொன்னார். 'அக்குள்' என்று சொல்ல முடிந்தது, 'மார்பு' என்று சொல்ல வாய் வரவில்லை.

"வலிக்கலையே, அப்புறமென்ன?" என்று பலர் கேட்கிறார்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. மார்பில் தோல் குழி விழுந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தென்பட்டாலோ காட்டியே ஆக வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம்.

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது நம் மார்பை நாமே தடவிப் பார்த்துக்கொள்ளலாம். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டால் நம் ஊரில் யாருக்கும் மறக்காது!

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகப் பேசலாம். 104-க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவர் காலத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். இன்று நாம் பயப்பட வேண்டியதில்லை.

அந்தச் சகோதரிக்கு ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். "நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மத்தவங்க இருக்க வேணாம்னு எழுதுங்கக்கா" என்றார்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். 'மார்பு' என்ற சொல்லைக் கூச்சப்படாமல் சத்தமாகவே வாசியுங்கள்.