உங்களுக்குத் தெரியுமா? ஒலிம்பியா என்ற பொம்மையின் மறுபிறவிகள்

ஜெர்மன் எழுத்தாளர் இ.டி.ஏ. ஹாஃப்மன் 1816இல் வெளியிட்ட ‘மணல் மனிதன்’ கதையில், நத்தானியேல் என்னும் மாணவன் ஒலிம்பியாவிடம் மயங்குகிறான்; அவள் விசையால் இயங்கும் பொம்மை என்று தெரிந்ததும் சித்தம் கலங்கி, பின்னர் ஒரு கோபுரத்திலிருந்து குதித்துச் சாகிறான். குழந்தைகளின் கண்களைப் பறிக்கும் அந்த மணல் மனிதன் உண்மையா, நத்தானியேலின் மனப்பிரமையா என்பதை ஹாஃப்மன் கடைசிவரை தெளிவாக்குவதில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த இருட்டுதான் பின்வந்தவர்களை இழுத்தது என்பேன். 1870இல் பாரிஸில் அரங்கேறிய ‘கொப்பேலியா’ பாலே பொம்மையை எடுத்துக்கொண்டது. 1881இல் இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் இசைநாடகம் ஹாஃப்மனையே ஒலிம்பியாவின் காதலனாக்கியது. 1919இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டோ பொம்மையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணை இழக்கும் அச்சத்தில்தான் கதையின் திகில் இருக்கிறது என்று வாதிட்டார்.

‘கொப்பேலியா’ கல்யாணத்தில் முடியும் கலகலப்பான நாட்டியமாயிற்றே, மூலத்தின் இருள் அதில் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதன் முக்கியமான காட்சியில், உயிருள்ள பெண் ஒருத்தி பொம்மையாக நடிக்க, பொம்மையைச் செய்த கிழவரே அதற்கு உயிர் வந்துவிட்டதாக நம்பி ஏமாறுகிறார். எது உயிர், எது விசை என்ற ஹாஃப்மனின் குழப்பம் அங்கேயும் அப்படியே இருக்கிறது. ஏமாறும் ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.