ஓசை குறைய வேண்டும், சுவை குறையலாகாது

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், மடக்கை அட்டவணையைக் கையில் எடுத்த நாளெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஐயா, இந்தக் கணக்கு வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?" அன்று நான் சொன்ன விடைகளைவிடச் சிறந்த விடை ஒன்று, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் இருக்கிறது. வால்வு வைத்துச் செய்த பழைய கிதார் பெருக்கியின் முழக்கத்தைக் குறைப்பது எப்படி என்பதே அப்பொருள். 'குமிழைத் திருப்பினால் போயிற்று. இதற்கு ஒரு பேச்சா?' என்று நீங்கள் நினைக்கலாம். குமிழைத் திருப்பினால் ஓசை குறையும், உண்மைதான். ஆனால் ஓசையோடு வேறொன்றும் போய்விடும். அது என்ன என்று பார்ப்போம்.

மின்கிதாரின் கம்பி அதிரும்போது எழும் மின்னலை மிக மெல்லியது. அதனைப் பெரிதாக்கி, ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலைத் தருவது பெருக்கி. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் செய்த பெருக்கிகளும், இலண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் பெருக்கிகளும் உலகப் புகழ் பெற்றவை. அந்நாளைய அரங்குகளில் ஒலிபெருக்கி ஏற்பாடு பெரும்பாலும் பாடகரின் குரலுக்கே உதவியது. கிதாரின் ஒலியை அரங்கின் கடைசி வரிசை வரை கொண்டுசெல்லும் பொறுப்பு, கலைஞரின் பின்னால் நின்ற பெட்டியைச் சார்ந்தது. கூட்டம் பெருகப் பெருகப் பெட்டியின் வலிமையும் பெருகியது. 1965-இல் 'தி ஹூ' இசைக்குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க மார்ஷல் 100 வாட் பெருக்கியைச் செய்தார். இவ்வாறு அரங்கத்திற்காகப் பிறந்த பெட்டிகள் இன்று பல வீடுகளின் அறைகளில் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதனுள்ளே சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு நேர்மின்வாயை நோக்கிப் பாய்கின்றன. இடையில் ஒரு கம்பிவலை உண்டு. அது வாய்க்காலின் மதகுப் பலகையைப் போன்றது. பலகையைச் சிறிதளவு அசைத்தால் பெருநீரோட்டம் கூடுவதும் குறைவதும்போல, வலையின் சிறிய மின்னழுத்த மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது. ஆனால் மதகுக்கும் எல்லை உண்டு. முழுவதும் மூடியபின் ஓட்டத்தைக் குறைக்க இயலாது. முழுவதும் திறந்தபின் கூட்டவும் இயலாது. ஆகவே மிகப் பெரிய அலை வரும்போது அதன் முகடுகளும் பள்ளங்களும் மழுங்கிவிடுகின்றன. மழுங்கிய அலையில், முன்பு இல்லாத மேற்சுரங்கள் பல பிறக்கின்றன. வானொலியில் செய்தி படிப்பவரின் குரலில் இது நேர்ந்தால் குற்றம். கிதாரில் இதுவே சுவை. 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு இசைத்தட்டுக்காக வாசித்த எரிக் கிளாப்டன், ஒலிப்பதிவுக் கூடத்திலும் மேடையில் வாசிப்பதைப் போலவே மார்ஷல் பெருக்கியை உரக்க முழங்கவிட்டார். அவ்வொலி பின்வந்த கலைஞர் பலருக்கு முன்மாதிரியாயிற்று.

குமிழைத் திருப்பினால் என்ன போய்விடும் என்பது இப்போது விளங்கும். அலை சிறிதாகிறது, வால்வு தன் எல்லையைத் தொடுவதில்லை, சுவை பிறப்பதில்லை.

இனி மடக்கைக்கு வருவோம். 100 வாட்டை 50 வாட்டாக்கினால் ஓசை பாதியாகுமா? ஆகாது. நம் செவி ஆற்றலைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை. பெருக்கல் கணக்கில் அளக்கிறது. ஆற்றல் பாதியானால் 3 டெசிபெல்தான் குறையும்; அதனைச் செவி சிறு மாறுதலாகவே உணரும். ஓசை பாதியாகக் கேட்க, ஏறத்தாழ 10 டெசிபெல் குறையவேண்டும். அதற்கு ஆற்றல் பத்தில் ஒரு பங்காகவேண்டும். கிதாருக்கென அமைந்த நல்ல ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் ஆற்றலில் 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் தருவதாகக் கொள்வோம். 50 வாட்டில் அது 117 டெசிபெல் தரும். அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்கவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். 100 டெசிபெலுக்கு 15 நிமிடம். 117 டெசிபெலுக்கு 20 நொடிகூட இல்லை! அறைக்கு ஏற்ற 87 டெசிபெலுக்கு இறங்கவேண்டுமானால், 50 வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஸ்பீக்கரை அடையவேண்டும்.

அதற்குரிய வழிகள் யாவை? முதலாவது, பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அட்டென்யுவேட்டர் என்னும் மட்டுப்படுத்தும் கருவியை இணைப்பது. வால்வுகள் முழு வலிமையோடு உழைக்கும், சுவை பிறந்துவிடும், அதன்பின் மிகுதி ஆற்றலைக் கருவி வெப்பமாக மாற்றிவிடும். ஆயின் வால்வுகள் விரைவில் தேயும். கருவியின் ஓம் அளவு பெருக்கியின் அளவோடு பொருந்தவேண்டும்; அது தாங்கும் வாட் பெருக்கியின் வாட்டைவிட மிகுதியாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, மாஸ்டர் வால்யூம் என்னும் இரண்டாவது குமிழ். மார்ஷல் நிறுவனம் 1975-இல் இக்குமிழுள்ள பெருக்கிகளை வெளியிட்டது. இது முன்னிலை வால்வுகளை எல்லைவரை உழைக்கவிட்டு, இறுதி வால்வுகளுக்குச் செல்லும் அலையைக் குறைக்கிறது. பாதிச் சுவை கிடைக்கும். இறுதி வால்வுகளின் பங்கு கிடைக்காது.

மூன்றாவது, 12ஏஎக்ஸ்7 என்னும் முன்னிலை வால்வை எடுத்துவிட்டு 12ஏடி7 வால்வைப் பொருத்துவது. முன்னதன் பெருக்கற்காரணி 100; பின்னதன் காரணி 60. குமிழைத் தொட்டவுடன் அலறும் பெட்டி இதனால் பணிவுபெறும். ஆனால் அதன் உச்ச வலிமை குறையாது.

நான்காவது, நான்கு இறுதி வால்வுகளில் உரிய இரண்டை நீக்குவது. ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகும். குறைவதோ 3 டெசிபெல்தான் என்பதை நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள்.

எச்சரிக்கை இரண்டு சொல்வேன். ஸ்பீக்கரோ தகுந்த சுமையோ இணைக்காமல் வால்வு பெருக்கியை முழங்கவிடலாகாது. அதன் மின்மாற்றி பழுதாகக்கூடும். பெட்டியை நீங்களே திறக்கவும் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் 400 வோல்ட்டுக்கு மேலும் தேக்கிவைத்திருக்கலாம். அது உயிரைப் போக்கவல்லது. பயிற்சி பெற்றவர் கையில் அவ்வேலையை விடுங்கள்.

எல்லாம் செய்தபின்னும், 'ஒலி மெலிந்துவிட்டதே' என்று தோன்றலாம். அது பெட்டியின் குறையன்று. ஓசை குறையும்போது மனிதச் செவி தாழ்ந்த சுரங்களைப் பெரிதும் இழக்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அந்நிறைவை மீட்கவேண்டி மீண்டும் குமிழை ஏற்றுவோர்தாம் பலர். 100 வாட் பெருக்கியைக் கேட்டுப் பெற்ற 'தி ஹூ' குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டே, பிற்காலத்தில் தம் செவித்திறன் குன்றியதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

தேய்ந்த வால்வுக்கு மாற்று வால்வு உண்டு. எரிந்த மின்மாற்றிக்கு வேறு மின்மாற்றி உண்டு. உட்செவியில் அழிந்த நுண்மயிர் அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே ஓசையைக் குறையுங்கள். எதை இழக்கிறோம், எதைக் காக்கிறோம் என்று அறிந்து குறையுங்கள். மடக்கை எதற்குப் பயன்படும் என்று இனி எவரேனும் கேட்டால், இனிய இசையை முதுமையிலும் கேட்பதற்கு என்று விடை சொல்லுங்கள்.